தெரியாதென்று சொல்லச் சொன்னவர்

என் தாய்மாமன் செத்த அன்றைக்கு நான் அழவில்லை. லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்துப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். பேசட்டும். அவர் மடியில் உட்காரவைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். என் கல்யாணத்தை முடித்து வைத்தவரும் அவர்தான். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்ன பெண்ணோ என்று யாராவது கேட்டால், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு காலைப்பொழுது இருக்கிறது. இலங்கை மலைநாட்டில், பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற பாதையில், எங்கள் தோட்டத்துப் பெரிய பங்களாவின் முன் விறாந்தையில் நடந்தது அது.

முதலில் என் இங்கிலீஷைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பிழைப்பில் மண் விழுந்தது அதை வைத்துத்தான். அப்பா இறந்த பிறகு அம்மா பதுளையில் வெள்ளைக்கார மிஷன் அம்மா ஒருத்தி வீட்டுக்குத் துணி துவைக்கவும் இஸ்திரிப் பெட்டி போடவும் போனாள். அந்த வீட்டுப் பின்கட்டில்தான் நான் வளர்ந்தேன். தமிழ் எழுத்துகளை மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். இங்கிலீஷை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மிஷன் அம்மா வளர்க்கிற கோழியோடுகூட இங்கிலீஷில்தான் பேசுவாள். கோழிக்குப் புரிந்ததோ என்னவோ, எனக்குப் புரிந்துவிட்டது. பெரியவளாவதற்குள் அவளோடு நின்று பதிலுக்குப் பதில் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அம்மா கண்ணை மூடியதும் மாமா வந்து என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மாமா தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பட்லர். வெள்ளைச் சட்டை, தலைப்பாகை, சப்பாத்தோ செருப்போ இல்லாத சுத்தமான கால். துரை வீட்டில் என்ன வேண்டுமென்றாலும் அது மாமாவின் வாய் வழியாகத்தான் வெளியே வரும். வெளியே இருக்கிறவர்களுக்குத் துரையிடம் ஏதாவது ஆகவேண்டுமென்றால் அது மாமாவின் வாய் வழியாகத்தான் உள்ளே போகும். குசினிக்காரனுக்கும் தோட்டக்காரனுக்கும் குதிரைக்காரனுக்கும் இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. கூலி ஆட்களையெல்லாம் மேய்க்கிற பெரிய கங்காணியே மாமாவைக் கண்டால் சால்வையைத் தோளிலிருந்து இறக்குவார். அந்த மரியாதையைப் பார்த்து நானும் பூரித்துப்போனவள்தான். என் மாமாவாயிற்றே!

தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்த ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர். ஒரு காய்ச்சல் காலத்தில் போய்விட்டார். அப்போது என் மகளுக்குப் பால்பல்கூட எல்லாம் முளைக்கவில்லை. அவர் போனதும், ஒரு பெண்ணுக்கும் ஒரு பிள்ளைக்கும் ஒரு முழுக் காம்பரா எதற்கு என்று, என் காம்பராவிலேயே இன்னொரு குடும்பத்தையும் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரே அறைக்குள் இரண்டு அடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகு. கதவைத் திறந்தால் சாரல் உள்ளே வரும், மூடினால் புகை வெளியே போகாது. என் பிள்ளைக்கு இருமல் பிடித்தது. இருமி இருமிக் கண் இரண்டும் சிவந்து, மூச்சு இழுக்கும்போது விலாவில் குழி விழும். அதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாயால் சும்மா இருக்க முடியும்? தோட்டத்து மருந்துக்காரர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “நோவு ஒண்ணுமில்ல தாயி. எல்லாம் பொகதான். பொகையில்லாத எடத்துல வச்சுப் பாரு, தன்னால நிக்கும்” என்றார். லயத்தில் புகையில்லாத இடத்துக்கு நான் எங்கே போவேன்? கூரைமேல்தான் ஏறி உட்கார வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பங்களாவில் ஆயா வேலை காலியானது. துரை புதிதாகக் கல்யாணம் கட்டி, துரைசானியைக் கூட்டிவந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கைக்குழந்தை இருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா திருச்சிப் பக்கம் தன் ஊருக்கே கப்பலேறிப் போய்விட்டாள். ஆயாவுக்குப் பங்களாவின் பின்னால் தனி அறை உண்டு. பலகைத் தரை. கண்ணாடி ஜன்னல். எல்லாவற்றையும்விட, அந்த அறையில் அடுப்பு கிடையாது. சாப்பாடு குசினியிலிருந்து வந்துவிடும். போன ஆயா தன் பிள்ளையையும் அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். மாமா கூப்பிட்டு அந்த அறையைத் துடைக்க ஒருமுறை போனபோது ஜன்னலைத் திறந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். என் பிள்ளை இங்கே படுத்தால் பிழைத்துவிடும் என்று அப்போதே நினைத்தேன்.

மாமா ஒருநாள் சாயங்காலம் வந்து என் காம்பராவின் முன்திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்தார்.

“தாயி, துரைசானிகிட்ட ஒன்னையப் பத்தி எடுத்துச் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கெழம கூட்டியாரச் சொன்னாங்க.”

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். கும்பிட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது.

“ஒண்ணே ஒண்ணு,” என்றார். “ஒனக்கு இங்கிலீசு தெரியும்னு மட்டும் காட்டிக்காத. கேட்டா, தெரியாதுன்னு சொல்லு.”

“ஏன் மாமா? தெரிஞ்சா நல்லதுதானே?”

“நல்லதா? ஒனக்கு வெள்ளக்காரங்களத் தெரியாது புள்ள. போன துரை காலத்துல என்னா நடந்துச்சு, மறந்துட்டியா?”

மறக்கவில்லை. தோட்டமே அறிந்த கதை அது. முந்தைய துரை காலத்தில் மேசைக்குப் பரிமாற ஒருவன் இருந்தான். விருந்தாளித் துரை ஒருவர் சாப்பாட்டு வேளையில் ஏதோ வேடிக்கை சொல்ல, தட்டை வைத்துக்கொண்டு நின்றவன் உதட்டைக் கடித்தும் அடங்காமல் சிரித்துவிட்டான். மறுநாள் அவன் சட்டி பானையெல்லாம் ரோட்டில் கிடந்தன. வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் எதையும் பேசுவார்கள், வேலைக்காரர்கள் மரக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். காது உள்ள வேலைக்காரன் அவர்களுக்கு ஆகாது. எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அதனால் மாமா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது? அவர் பிழைப்பே பங்களாதானே.

வெறுமனே சொல்லிவிட்டு விடவில்லை மனிதர். ஞாயிறு வருவதற்குள் தினமும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு எனக்குப் பழக்கம் கொடுத்தார். நான் சுவரோரம் நிற்க வேண்டும். அவர் இங்கிலீஷில் திடீர் திடீரென்று எதையாவது சொல்வார். என் முகம் மாறக் கூடாது. “உன் பின்னால் பாம்பு!” என்று முதல்நாள் இங்கிலீஷில் கத்தினார். நான் துள்ளிக் குதித்துவிட்டேன். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சிரித்துப் புரைக்கேறிப் போனாள்.

“போச்சு! வேல போச்சு!” என்று மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். “வெள்ளக்காரிச்சி இப்பிடித்தான் சோதிப்பா. கண்ணு அசையக் கூடாது. காதுல விழுகாத மாதிரி நில்லு. எம் மூஞ்சியைப் பாரு, இந்தா, இப்பிடி.”

அவர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக் காட்டினார். இமை பாதி இறங்கி, வாய் தளர்ந்து, மாடு மழையில் நிற்பது போல. நானும் அதைப் பார்த்துப் பார்த்து வைத்துப் பழகினேன். கடைசிநாள் “உன் புடவையில் தீ” என்றார். நான் அசையவே இல்லை. “சபாஷ்டி என் தாயி!” என்று தலையில் கை வைத்தார். அந்த நாள்களை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வருகிறது. என் கழுத்தை அறுக்க எனக்கே பாடம் எடுத்திருக்கிறார், நானும் சிரித்துக்கொண்டே படித்திருக்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். துரைசானி விறாந்தையில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். சின்ன வயசு. என்னைவிடச் சின்னவளாகக்கூட இருக்கலாம். கண்ணுக்கடியில் கருவளையம், தலைமுடி வாரிய வாக்கில் இல்லை. மடியில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. மாமா தேநீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றார்.

துரைசானி என்னைப் பார்த்துச் சிரித்தார். உண்மையான சிரிப்பு. நேராக என்னிடமே, இங்கிலீஷில், “வந்ததற்கு நன்றி. உனக்கு இங்கிலீஷ் பேச வருமாமே?” என்றார்.

நான் மாட்டு முகத்தை வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தேன்.

“இங்கிலீசு தெரியுமான்னு கேக்குறாங்க,” என்றார் மாமா தமிழில்.

“தெரியாதுங்க.”

மாமா அதை இங்கிலீஷில் சொன்னார். துரைசானியின் சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது.

“ஆனால் மிஷன் அம்மா வேறு மாதிரி அல்லவா சொன்னார்கள்?” என்று துரைசானி மாமாவிடம் கேட்டார். “பதுளையில் அவர்களைப் பார்த்தபோது, தன் வீட்டில் வளர்ந்த பெண் ஒருத்தி இந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறாள், நன்றாக இங்கிலீஷ் பேசுவாள் என்றார்களே. அதனால்தானே இவளைத் தேடிக் கூட்டிவரச் சொன்னேன். போன ஆயாவிடம் குழந்தைக்கு என்ன என்று கேட்டால் அவளுக்குப் புரியாது, அவள் சொன்னால் எனக்குப் புரியாது. துரை மலைக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் என்னோடு பேச ஒரு பெண் கிடையாது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.”

எல்லாம் என் காதில் விழுந்தது. ஒவ்வொரு சொல்லும். மாமா என்னைப் பற்றி எடுத்துச் சொல்லவில்லை. சொன்னது மிஷன் அம்மா. துரைசானிக்கு வேண்டியதே இங்கிலீஷ் தெரிந்த ஆயாதான். அது மாமாவுக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துதான் தெரியாது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். அட பாவி மனிதா! பங்களாவுக்குள் இங்கிலீஷ் தெரிந்த இன்னொரு வாய் வந்துவிட்டால் தன் வாய்க்கு மதிப்பு போய்விடும் என்ற பயம்.

அப்போதும் நான் அசையவில்லை. எப்படி அசைவது? ‘தெரியாதுங்க’ என்று சொல்லி ஒரு மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை. இப்போது வாயைத் திறந்தால் பொய்க்காரி. திறக்காவிட்டால் வேலை இல்லை.

மாமா தலையைச் சாய்த்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். “மிஷன் லேடி ரொம்ப நல்லவர்கள், லேடி. தன்னிடம் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி அப்படித்தான் பெருமையாகச் சொல்வார்கள். நான் இவளுக்குச் சொந்த மாமன். எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை வராது.”

துரைசானி பெருமூச்சு விட்டார். என்னைப் பார்த்தார். “முகம் நல்ல முகமாக இருக்கிறது. மொழி போனால் போகிறது, இவளையே வைத்துப் பார்க்கலாமா?” என்றார்.

ஐயோ, அந்த ஒரு நொடி எனக்குப் போன உயிர் வந்தது. வேலை கிடைத்துவிடும் போலிருந்தது. அந்த ஜன்னல், அந்தப் பலகைத் தரை. மாமா அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஊமையாகவே காலம் பூராவும் இருந்திருப்பேன்.

அவர் நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தினார். “இன்னொன்று, லேடி. சொல்லாமல் இருக்கக் கூடாது. இவளுக்கு ஒரு பெண் பிள்ளை. நெஞ்சு நோய். எந்நேரமும் இருமல். நம் பேபி இருக்கிற வீடு…”

துரைசானி குழந்தையைச் சட்டென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. என் பிள்ளையின் இருமலை நான் அவரிடம்தான் சொல்லி அழுதிருந்தேன். அந்த அறை எனக்கு எதற்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அதையே எடுத்து என் தலையில் கல்லாகப் போட்டார். மாட்டு முகமாவது மண்ணாவது!

“என் பிள்ளைக்கு நோய் ஒன்றும் இல்லை, மேடம்,” என்றேன். இங்கிலீஷில்தான். “லயத்தில் அடுப்புப் புகை. அதுதான் இருமல். மருந்துக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.”

குழந்தைகூடச் சிணுங்குவதை நிறுத்திவிட்டது. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

துரைசானி மெதுவாகக் கேட்டார். “தெரியாது என்றாயே?”

“பொய் சொன்னேன், மேடம்.”

“அப்படிச் சொல்லச் சொன்னது யார்?”

மாமாவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து, நான்தான் சொன்னேன், தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்காது என்று நினைத்தோம் என்றால் துரைசானி சிரித்திருப்பார். மாமாவின் வேலைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

மாமா வாயைத் திறந்தார்.

“எனக்கு வெட்கமாக இருக்கிறது, லேடி,” என்றார். “என்னிடமும் மறைத்துவிட்டாள்.”

“இவர்தான் சொன்னார்!” என்று நான் கத்தினேன். “இவர்தான், மேடம்! வீட்டில் வைத்து நடிக்கக் கற்றுக்கொடுத்ததே இவர்தான்!”

உண்மையைச் சொன்னேன். ஆனால் கத்திச் சொன்னேன். மாமா மாடு மழையில் நிற்பது போல இமையைப் பாதி இறக்கிக்கொண்டு நின்றார். துரைசானி என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். ஒருபக்கம், வந்து நின்றதும் முகம் மாறாமல் பொய் சொன்ன ஒருத்தி. இன்னொரு பக்கம், அந்த வீட்டுச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறவர்.

“நீ சொல்வது நிஜமாகக்கூட இருக்கலாம்,” என்றார் கடைசியில். “ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? நான் கண்ணயர்ந்தபோது என் குழந்தை விழுந்துவிட்டால், விழவில்லை என்று நீ சொன்னால், நான் உன்னை நம்ப வேண்டுமே. போய் வா. எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.”

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் பிள்ளையை விட்டுப்போக ஆள் தேடியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவருக்கும் அன்றைக்கு ஒரு துணை கைக்கு வந்து நழுவிப்போனது.

மாமா என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். குரோட்டன் செடியோரம் வந்ததும், “வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமுல்ல?” என்றார். அவ்வளவுதான். தப்பு என் வாயில்தானாம்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனால், எனக்கு முன்னாலேயே கதை போய் நின்றது. துரைமார் பேச்சை ஒட்டுக்கேட்கத் திட்டம் போட்டுப் போனாளாம், துரைசானி கண்டுபிடித்து விரட்டிவிட்டாளாம், சொந்த மாமனையே மாட்டிவிடப் பார்த்தாளாம். பெரிய கங்காணி அன்றிலிருந்து என்னை உச்சி மலைக்கே கொழுந்தெடுக்க அனுப்பினார். நான் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. யார் நம்பப்போகிறார்கள்?

கொஞ்ச நாளில் அத்தை வந்தாள். கையில் ஒரு சுளகு மாவு.

“எம் மகளுக்கு அந்த ஆயா வேல ஆகும்போல இருக்கு புள்ள,” என்றாள். “ஒங்க மாமா சொல்லிக் குடுக்குற இங்கிலீசு அவளுக்கு ஏற மாட்டேங்குது. ஒனக்குத்தான் நல்லா வருமே. நாலு வார்த்த சொல்லிக் குடேன். வீணாத்தான கெடக்கு.”

அவளுக்கு எல்லாம் தெரியுமா, இல்லை ஒன்றும் தெரியாதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“அத்த,” என்றேன், “இந்த மாவ எடுத்துக்கிட்டு நல்ல விதமா எந்திரிச்சுப் போயிருங்க. எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு ஒங்க புருசனே துரைசானிகிட்டச் சொல்லியிருக்காரு. நான் எப்பிடிச் சொல்லிக் குடுக்குறது?”

அவள் மாவை வைத்துவிட்டுத்தான் போனாள். மாமா சொல்லிக்கொடுத்து அரைகுறையாக ஏறிய இங்கிலீஷோடேயே மகளுக்கு அந்த வேலை கிடைத்தது. மகள் அப்பாவைக் கேட்காமல் வாயைத் திறக்க மாட்டாள்; அந்த ஏற்பாடு அவருக்குத் தோதாக இருந்தது. அந்த அறையின் கண்ணாடி ஜன்னல் மேட்டுத் தேயிலையிலிருந்து பார்த்தால் வெயிலில் மின்னும். கொழுந்து கிள்ளும்போது நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொள்வேன்.

அந்த வருடம் பனி அதிகம். பிள்ளைக்கு இருமல் முற்றி இளைப்பாகிவிட்டது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அந்த இளைப்பு என் மகளை விடவில்லை. அந்தப் பனிக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம், மலையிலிருந்து இறங்கி அடுப்பை மூட்டாமல் அவளை இஸ்தோப்பில் வைத்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமா வந்தார். காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். பங்களாக் குழந்தைக்கு அளவு பெரிதாக வந்துவிட்ட கம்பளிச் சட்டை. நீல நிறம், எலும்புப் பொத்தான்.

“துரைசானி குடுத்துவிட்டாங்க, ஒம் மகளுக்கு,” என்றார்.

அதை அவர் மூஞ்சியிலேயே விட்டெறியத்தான் கை ஓங்கினேன். அதற்குள் பிள்ளை நீலத்தைப் பார்த்துவிட்டு, சட்டை போடச் சொல்லி இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். அவள் விரலெல்லாம் குளிரில் விறைத்துப் போயிருந்தது. என்ன செய்வேன்? போட்டுவிட்டேன். ஒவ்வொரு பொத்தானாகப் போட்டேன். மாமா பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். துரைசானி என்னிடம் கேட்டதை, அவர் கேட்ட அதே இங்கிலீஷில், மாமாவிடம் கேட்டேன். “அப்படிச் சொல்லச் சொன்னது யார்?”

பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் இங்கிலீஷுக்குப் பேர் போன பட்லர் அவர். இமை பாதி இறங்கியது, வாய் தளர்ந்தது.

“என்னா புள்ள சொல்ற?” என்றார். “வெளங்கலையே.”